அருவிக்கரையில் கேட்ட கேள்வி
(பழைய மாணவியர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விலங்கியல் படித்தவளாச்சே, அறிவியல் பேசுங்கன்னு செயலாளர் கேட்டார். நான் வீட்டுக் கதையில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

என் தங்கை மகனை மூன்று வயதில் சாரல் சமயம் மெயினருவிக்குக் கூட்டிப் போனோம். குற்றாலத் தண்ணி தலையில விழுந்தா பேச்சு வந்துரும்னு யாரோ சொன்னார்கள். பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டான். "வேலை வேலைன்னு போனா பிள்ளை எப்படிம்மா பேசும்?" என்று அவள் மாமியார் அத்தனை கூட்டத்துக்கு நடுவே கேட்டார்கள். தங்கை வாய் திறக்கவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை.

1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய டாக்டர் லியோ கானர், ஆட்டிசம் பிறவியிலேயே வருவது என்றுதான் கட்டுரையை முடித்தார். ஆனாலும் 'பாசமில்லாத தாய்' என்ற பழி அமெரிக்காவில் பரவியது. அதில் கானருக்கும் பங்குண்டு. (மாமியார்கள் எல்லா ஊரிலும் இருக்காங்க!)

1977-ல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் இருவரும் பிரிட்டனில் இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒருவருக்காவது ஆட்டிசம் இருந்த ஜோடிகள் அவை. ஒரே கருமுட்டையில் உருவான 11 ஜோடிகளில் 4-ல் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருமுட்டையில் உருவான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. இரு வகையிலும் ஒரே தாய், ஒரே வளர்ப்புதானே? வித்தியாசம் மரபணுவில். 11-க்கு 11 வரவில்லை என்பதால் மரபணு மட்டுமே முழுக்கதையும் அல்ல.

ஒரு மரபணுவும் அல்ல, நூற்றுக்கணக்கில் தொடர்பு கண்டிருக்கிறார்கள். ஷாங்க்-3 என்பது ஒன்று. நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று சேதி பரிமாறும் சந்திப்பில் சாரம் கட்டினாற்போல் நிற்கும் புரதத்தைச் செய்வது அது. பல மரபணுக்களின் வேலை கருவிலேயே தொடங்கிவிடுகிறது. சில மாற்றங்கள் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாக வருபவை. தகப்பனாருக்கு வயது கூடக்கூட அவை கூடும். அதுக்காக மாப்பிள்ளையைத் திட்டக் கிளம்பிராதீங்க!

தடுப்பூசியால் வருகிறது என்ற 1998-ம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010-ல் அந்தப் பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றது. தைரியமா ஊசி போடுங்க.

காதைப் பொத்தியதும் அடம் அல்ல. ஒலி, ஒளி, தொடுதலை மூளை எடுத்துக்கொள்ளும் விதமே வேறு. 2013 முதல் அது ஆட்டிசத்தின் அடையாளங்களிலேயே சேர்ந்துவிட்டது.

இப்போது அவனுக்கு வயது பன்னிரண்டு. பேச்சு கொஞ்சம்தான். தண்ணி குறைஞ்ச நாளில், விடியக்காலையில் சிற்றருவியில் நிற்பான். மாமியார்தான் துண்டு பிடிச்சுக்கிட்டு நிக்காங்க. தங்கை இன்னும் வேலைக்குப் போகிறாள்.