ஆற்றுக்கு வரும் அழுக்கு

லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடை ஓடையில் விழுகிறது. ஓடை ஆற்றில் விழுகிறது. தோட்டத்தில் நாம் காணும் இந்த வழிதான் பெருநகரத்திலும். சிங்கப்பூர் அதை நாற்றத்தின் மூலம் உணர்ந்தது.

தேக்காவுக்கு அருகே ஓடும் ரோச்சோர் கால்வாயும், காலாங் ஆறும், சிங்கப்பூர் ஆறும் 1970களில் கறுத்துக் கிடந்தன. பத்தாண்டுகளில் இந்த ஆறுகளில் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ சொன்னார்.

குப்பையை வாரிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இன்று வாரிய இடத்தில் நாளை புதுக் குப்பை வந்து நிற்கும். ஆகவே அழுக்கு புறப்படும் இடத்தைத் தேடிப் போனார்கள். காலாங் ஆற்றின் மேற்பகுதியில் மட்டும் சுமார் 600 பன்றிப் பண்ணைகள், 500 வாத்துப் பண்ணைகள் இருந்தன! அவற்றோடு கழிவுக் குழாய் இல்லாத கம்பத்து வீடுகள், தெருவோர அங்காடிகள், பட்டறைகள்.

அங்காடிக்காரரை விரட்டினால் என்ன ஆகும்? அடுத்த சந்தில் கடை போடுவார். வயிறு இருக்கிறதே! எனவே குழாய்த் தண்ணீரும் கழிவுக் குழாயும் உள்ள கட்டடங்களை எழுப்பி, அங்கே அவருக்கு இடம் கொடுத்தார்கள். 1982இல் திறந்த தேக்கா நிலையம் அப்படிப்பட்ட ஒரு கட்டடம். மீன் கழுவிய நீர் மழைக் கால்வாயில் விழாமல், தனிக் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மாற்று இடம் முதலில், அகற்றுவது பிறகு. இந்தத் திட்டத்தில் நமக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

ஆனால் எல்லாருக்கும் மாற்று கிடைத்ததா? சுமார் 26,000 குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. பன்றி வளர்த்தவர் மாடியில் எதை வளர்ப்பார்? சுமார் 800 சரக்குத் தோணிகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர்கள் ஆதியில் நடத்திய தொழில் அது. கரை சுத்தமானது, தோணிகளின் ஆரவாரமும் போயிற்று.

1987இல் வேலை முடிந்தது. செலவு சுமார் 30 கோடி வெள்ளி. மீன்கள் திரும்பின. 2008இல் ஆற்று முகத்துவாரத்தில் மரீனா அணை திறக்கப்பட்டது. ரோச்சோர் கால்வாயில் ஓடும் மழைநீர் அந்த அணைக்குள் தேங்கி, சுத்திகரிக்கப்பட்டு, இன்று சிங்கப்பூருக்குக் குடிநீராகிறது.