அடுத்து எங்கே சுழியோடுவது?



கனடாவில் வாழும் என் தம்பி சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தான். "அண்ணா, ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகின்றேன். இம்முறை எங்கே சுழியோடுவோம்?" என்று கேட்டு, நான்கு இடங்களையும் குறித்திருந்தான். மாலைதீவு, இந்தோனேசியாவின் ராஜா அம்பாட், அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடர் என்பன மூன்று. நான்காவது, நம் மட்டக்களப்புக் கடலில் அமிழ்ந்து கிடக்கும் ஹேர்மஸ் என்னும் போர்க்கப்பல்.

ஐம்பது வயதில் இக்கலையைக் கற்கப் புகுந்தவன் நான். பாடசாலை அதிபர் ஒருவர் இறப்பர்க் காலணி பூண்டு கடலிற் குதிப்பதை என் மாணவர் கண்டு நகைத்ததும் உண்டு. சுழியோடி என்றதும் மன்னாரில் மூச்சடக்கி முத்துக்குளித்தோரே நினைவுக்கு வருவர். நாங்கள் அத்துணை வல்லவர் அல்லேம். அழுத்திய காற்றடைத்த உருளையை முதுகிற் சுமந்து, குழாய்வழி மூச்சுவிட்டபடி நீந்துவோம். இதனை ஸ்கூபா என்பர்.

ராஜா அம்பாட்டில் உலகின் வன்முருகை இனங்களுள் ஏறத்தாழ முக்காற்பங்கு உண்டென்பர். ஆயினும் அங்கே நீரோட்டம் கடுமை. நற்காலமும் ஒக்டோபர் முதல் ஏப்பிரல் வரையே. ஓகஸ்டிற் போவது வீண். அவுஸ்திரேலியத் தொடர் 2,300 கிலோமீற்றர் நீளமுடையது. கடல் வெப்பமேறியதால் 2016 முதல் 2024 வரையில் ஐந்து தடவை அங்கே முருகைகள் பெருமளவில் வெளிறின. செலவோ என் சம்பளத்துக்கு எட்டாதது. தம்பி தருவான், எனக்குத்தான் மனம் வரவில்லை.

மாலைதீவை அவ்வாறு தள்ளிவிட இயலாது. ஓகஸ்டில் அங்குள்ள ஹனிபாருக் குடாவில் ஆனைத்திருக்கைகள் கூட்டங்கூட்டமாக இரைதேட வருகின்றன. ஆனால் அக்குடாவில் உருளை சுமந்து இறங்குதல் தடைசெய்யப்பட்டுள்ளது. நீர்மட்டத்தில் மிதந்தே காணவேண்டும். தெளிந்த நீரில் ஆழச் சென்று பார்க்க விரும்புவோர்க்கு டிசெம்பர் முதல் ஏப்பிரல் வரையிலான காலமே உகந்தது.

ஹேர்மஸ் பற்றியதே எங்களிடையே எழுந்த வழக்கு. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அது. 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். அப்போது எங்கள் தந்தையார் பத்து வயதுச் சிறுவர். கரையில் நின்று, கடலுக்கப்பால் எழுந்த முழக்கத்தைக் கேட்டதாக அவர் பலமுறை சொன்னதுண்டு. தம்பியின் ஆசைக்கு வேர் அங்கேதான் இருக்கின்றது. எனக்கும் அவ்வாசை இல்லாமலில்லை.

ஆனால் அக்கப்பல் கிடப்பது ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் மிகுவதால், அங்கே மேற்பரப்பிலும் ஆறு மடங்குக்கு மேல் அழுத்தம். உருளையிலுள்ள காற்றும் அவ்வாறே விரைந்து தீரும். காற்றிலுள்ள நைதரசன் மதுவைப்போல் அறிவை மயக்கும். உடலிற் கரைந்த அவ்வாயு வெளியேறுமாறு இடையிடையே தங்கித் தங்கி மேலேற வேண்டும். விரைந்தால் குருதியிற் குமிழி உண்டாகும். பொழுதுபோக்காகச் சுழியோடுவோர்க்கு எல்லை 40 மீற்றர். எங்கள் இருவரதும் சான்றிதழோ 30 மீற்றருக்கே. பணம் கொடுத்தால் அழைத்துச் செல்ல ஒருவர் இருக்கின்றாராம்! ஐந்தாம் வகுப்பு மாணவனைப் பல்கலைக்கழகத் தேர்வு மண்டபத்தில் இருத்துவாரும் உளர் போலும். தேர்வில் தவறினால் மறுமுறை எழுதலாம். இதில் மறுமுறை இல்லை.

ஆகவே ஓகஸ்டுக்கு நிலாவெளியே என் முடிவு. சோளகம் வீசும் அக்காலத்தில் கிழக்குக் கடல் அமைதியுறும். 1998 இல் இக்கடுவையிலும் கற்பிட்டியிலும் ஆழங்குறைந்த இடத்து முருகைகளை அழித்த வெப்பத்துக்குத் திருகோணமலைக் கடல் பெரும்பாலும் தப்பியது. ஆயினும் புறாத்தீவில் மனிதர் மிதித்து உடைத்தவை கொஞ்சமல்ல. அருகே சுவாமி மலையடிக் கடலில், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளை 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கண்டனர்.

கடலிலிருந்து ஏறிய அன்றே நுவரெலியாவுக்குப் போவோமென்றும் தம்பி எழுதியிருந்தான். அதுவும் ஆகாது. ஆறாயிரம் அடி உயரம் ஏறுதல் விமானத்தில் ஏறுதல் போன்றதே. ஒரு நாளாவது கடற்கரையில் தங்குதல் நன்று.

நேற்றுத்தான் பதில் எழுதினேன். ஓகஸ்டில் நிலாவெளி, டிசெம்பரில் அவனுக்கு விடுமுறை கிடைப்பின் மாலைதீவு. ஹேர்மஸைக் காண்பதாயின் அவன் முறையாக மேற்பயிற்சி பெறட்டும். அப்போதும் நான் மேலே படகிலிருந்து தந்தையாரை நினைத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கின்றேன். மறுமொழி இன்னும் வரவில்லை.