டிஸ்சார்ஜ் தாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்

ஹைதராபாத் மல்லாபூரில், நாச்சாரம் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் தமிழ் வீடுகளில் பிள்ளை பிறந்தால் ஒரு சங்கடம். டாக்டரம்மா தெலுங்கில் சொல்வார், தாளில் ஆங்கிலம் இருக்கும், பிரசவத்துக்குத் துணையாக ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கோ தமிழ்தான் தெரியும். தாள் மடித்தபடியே பைக்குள் போய்விடும்.

அதில் 'ஆப்கார் 7, 9' என்று இருந்தால், "மீதி மார்க் எங்கே போச்சு?" என்று கேட்கிற தாத்தாக்கள் உண்டு. அது பரீட்சை மார்க் இல்லை. வர்ஜீனியா ஆப்கார் என்ற அமெரிக்க மயக்கவியல் டாக்டர் 1952-ல் வகுத்த அளவு. பிறந்த ஒரு நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் மூச்சு, இதயத்துடிப்பு, நிறம், கைகால் விறைப்பு, சீண்டினால் சிணுங்குகிறதா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரை போடுவார்கள். உள்ளங்கை, பாதம் நீலம் பாரித்திருந்தாலே ஒன்று குறையும். புதுப் பிள்ளைகளில் அது சகஜம். அந்த நிமிடத்தில் பிள்ளை எப்படி இருந்தது என்பதற்கு மேல் அந்த எண்ணில் ஜாதகம் எதுவும் இல்லை.

பலரைத் தூங்கவிடாத சொல் 'பிலிருபின்'. ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறப்பொருள். பிள்ளையின் ஈரல் இன்னும் பழகாததால் அதைச் சீக்கிரம் வெளியேற்ற முடிவதில்லை. "பன்னிரண்டு இருக்காம்" என்று ஊருக்குப் போன் போடுமுன், பிறந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்தது என்று கேளுங்கள். மாதம் நிறைந்த பிள்ளைக்கு நாலாம் நாளில் 12 பெரும்பாலும் பயப்படும் அளவில்லை. முதல் 24 மணி நேரத்துக்குள் அதே 12 என்றால் உடனே கவனிக்க வேண்டும்.

காலை வெயிலில் காட்டச் சொல்லும் பாட்டியைக் கேலி செய்ய வேண்டாம். 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற நர்ஸ், வெயில் பட்ட இடத்தில் மட்டும் பிள்ளையின் மஞ்சள் வெளுத்திருந்ததைக் கவனித்தார். இன்று நீல விளக்கின் கீழ் வைக்கும் 'போட்டோதெரபி' அங்கிருந்து வளர்ந்ததுதான். ஆனால் பால்கனி வெயிலுக்கு அளவு கிடையாது. அதை நம்பி இரண்டு நாள் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. நீல விளக்கின் கீழ் கண்ணைக் கட்டி, டயப்பரோடு மட்டும் கிடக்கும் பிள்ளையைப் பார்த்தால் பெற்ற வயிறு கலங்கும். வெளிச்சம் கண்ணில் படாமலிருக்கத்தான் அந்தக் கட்டு. பொதுவாக, பால் கொடுக்கும் நேரத்தில் வெளியே எடுப்பார்கள்.

தாளில் 'ப்ரீடெர்ம்' என்றால் 37 வாரத்துக்கு முன் பிறந்தது; 'லோ பர்த் வெயிட்' என்றால் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. இரண்டும் ஒன்றல்ல.

பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தினாலோ, நிமிடத்துக்கு அறுபதும் அதற்கு மேலும் மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ எந்தத் தாளையும் பிரித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நீலோஃபர் போன்ற அரசு மருத்துவமனையில் 'எஸ்.என்.சி.யு.' என்று எழுதினால், அது நோயுற்ற பச்சிளம் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அங்கே மருந்து, பரிசோதனை, ரத்தம், போக்குவரத்து எதற்கும் காசு வாங்கக்கூடாது. கேட்டால், திட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள்.