கால் அறிந்த மேடும் பள்ளமும்

(குறுவள மையக் கூட்டமொன்றில், புதுக்கோட்டை மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்கு டீச்சர் ஏன் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று சிலர் யோசிக்கலாம். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள், "சித்தன்னவாசலை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். ஆறு கைகள்தாம் உயர்ந்தன. எங்கள் பள்ளியிலிருந்து சித்தன்னவாசல் ஒன்பது கிலோமீட்டர். அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அரசு சைக்கிள் கொடுத்திருக்கிறது. ஓவியமும் இருக்கிறது, வண்டியும் இருக்கிறது, இடையில் பாதை மட்டும் இல்லை என்று அன்று தோன்றியது.

பாதை என்று நான் சொல்வது தார்ச்சாலையை அல்ல. நம் ஊரைச் சுற்றிச் சாலைகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளை நம்பி அனுப்பக்கூடிய, நாமே ஓட்டிப் பார்த்த வழியைத்தான் சொல்கிறேன்.

முதலில் நான் தனியாக ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில், விடியும் நேரத்தில். புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல், அங்கிருந்து அன்னவாசல், குடுமியான்மலை, மறுபடி புதுக்கோட்டை. ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வட்டம். இருபது ஆண்டுகளாகப் பேருந்தில் போய்வந்த சாலைதான். அது இவ்வளவு ஏறி இறங்கும் என்பது சைக்கிளில் போன பிறகுதான் தெரிந்தது. பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் மாவட்டம் சமதரை. மிதிப்பவருக்கு அப்படியில்லை.

நான்கைந்து முறை ஓட்டிய பிறகு அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் ஒழுங்கு இருப்பது புரிந்தது. செம்பாறாங்கல் மேடு வரும், முந்திரியும் தைலமரமும் நிற்கும், கால் வலிக்கும். பிறகு சாலை இறங்கும்; இறக்கத்தின் அடியில் ஒரு கண்மாய் இருக்கும். கண்மாய்க் கரையைத் தாண்டினால் வயல், அதன் பிறகு ஊர், மீண்டும் ஏற்றம். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு வருகிறது. அதை மறித்து முன்னோர் கரை போட்டார்கள். நிறைந்தது கலிங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. சங்கிலித் தொடர் கண்மாய்கள் என்று பாடத்தில் படிக்கிறோமே, அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் கால் எண்ணிவிடுகிறது. வரைபடத்தில் இதைக் காட்ட எனக்கு ஒரு பாடவேளை போதவில்லை. சாலையில் மூன்றாவது இறக்கத்தில் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்: "டீச்சர், இனிமே இறங்குனா கீழ தண்ணி இருக்கும்!"

கணக்குக்கும் அங்கே இடமுண்டு. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை ஒரு நாள் இரவல் வாங்கினோம். சாலையோரத்தில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டு பேர் குழாயைப் பிடித்து நின்றால், உயர வேறுபாடு தெரிந்துவிடும். ஓர் ஏற்றத்தில் 35 சென்டிமீட்டர் வந்தது. நூறு மீட்டருக்கு மூன்றரை மீட்டர். சாய்வு 0.035, கோணம் இரண்டு பாகை. "இவ்வளவு மூச்சு வாங்கியும் ரெண்டு டிகிரிதானா?" என்று ஒரு பையன் நம்ப மறுத்து மறுபடி அளந்தான். சாய்வு என்ற சொல்லை அவன் இனி மறக்க மாட்டான்.

கீழ் வகுப்புகளுக்கு இன்னும் எளிதான கணக்கு இருக்கிறது. முன் பற்சக்கரத்தின் பற்களை எண்ணச் சொல்லுங்கள். பின்னுள்ளதையும் எண்ணச் சொல்லுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்றால், மிதியை ஒரு சுற்று சுற்றும்போது சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் ஒரு மிதிக்கு ஐந்து மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு இருநூறு மிதி. மைதானத்தில் நூலால் அளந்து சரிபார்க்கலாம். விகிதமும் வட்டமும் ஒரே சைக்கிளில் இருக்கின்றன.

இதுவரை சொன்னது நல்லபடி நடந்தது. நடக்காததையும் சொல்ல வேண்டும்.

முதல் பயணத்தில் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து எல்லாம் வாங்கினேன். வண்டிகளைப் பார்க்கவில்லை. கண்மாயை நோக்கி இறங்கும் ஒரு சரிவில், சாலையில் சரளை சிதறிக் கிடந்த இடத்தில், ஒரு மாணவன் விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவன் சைக்கிளின் பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது. அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என்னைத் திட்டவில்லை. "விழாம யாரு சைக்கிள் பழகுனா டீச்சர்? ஆனா பிரேக்கைப் பார்க்காம எப்படிக் கூட்டிட்டுப் போனீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

ஓராண்டு நான் பிள்ளைகளை எங்கும் அழைத்துப் போகவில்லை. மறுபடி தொடங்கியபோது சில விதிகளோடு தொடங்கினேன். பயணத்துக்கு முந்தைய நாள் மாலை ஒவ்வொரு வண்டியையும் மாணவர்களே சோதிப்பார்கள்: இரண்டு பிரேக், டயர்க் காற்று, சங்கிலி, இருக்கையின் உயரம். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். இருக்கை அதைவிடத் தாழ்ந்திருந்தால் ஏற்றத்தில் முட்டி வலிக்கும். தேறாத வண்டி சாலைக்கு வராது. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். முன்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் ஓர் ஆசிரியர், இடையில் ஒற்றை வரிசை. திருச்சி நெடுஞ்சாலைப் பக்கமே போவதில்லை; கிராமச் சாலைகள் மட்டும். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடிக்க வேண்டும். சரளையில் திருப்பக் கூடாது. ஏற்றத்தில் முடியாதவர்கள் இறங்கித் தள்ளலாம், அதில் வெட்கம் இல்லை. இதை நம்ப வைக்க, முதல் ஏற்றத்தில் நானே இறங்கித் தள்ளுவேன்.

மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் தை, மாசிதான் நல்ல காலம். ஆடியில் போக நேர்ந்தால், காலையில் மேற்கே எதிர்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளிவிடும்.

இன்னொரு பாடத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மாணவி. அவளுக்கும் அரசு சைக்கிள் வந்திருந்தது. ஆனால் அவள் தினமும் நடந்து வந்தாள். கேட்டபோது, "எனக்கு ஓட்டத் தெரியாது டீச்சர். வண்டி அப்பாவுக்குத்தான்" என்றாள். அவள் அப்பா அதில் பால் ஊற்றப் போகிறார்.

எனக்கு என் அம்மா நினைவுக்கு வந்தார். 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல்வேலைக்கும் கல்குவாரிக்கும் போன பெண்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். என் அம்மா வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிளில், கண்மாய்க் கரையில் விழுந்து விழுந்து பழகினார். பிறகு அதே பாரில் என்னை உட்காரவைத்துப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். அப்படி வந்தவள்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அதே மாவட்டத்தில், சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருக்கும் பெண் நடந்து வருகிறாள்.

அவள் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். நியாயம் கேட்கும் வேகத்தில்தான் போனேன். அவர், "ஒரு நாள் பால் போகலன்னா வேற ஆளைப் பார்த்துக்குவாங்க டீச்சர்" என்றார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. மூன்று வாரம் தோழிகள் அவர்கள் வண்டியிலேயே அவளுக்கு மைதானத்தில் கற்றுக்கொடுத்தார்கள். பயண நாளன்று ஏழு மணிக்குப் பால் ஊற்றி முடித்துவிட்டு வண்டியைத் துடைத்து, பள்ளி வாசலில் அவள் கையில் கொடுத்தார். பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு அவரும் எங்களோடு வந்தார். கடைசி ஆளாக வந்தவர், எந்த ஊரில் நல்ல தண்ணீர் கிடைக்கும், எந்த வளைவில் சரளை கிடக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பல ஆண்டுகள் அந்தச் சாலைகளில் ஓட்டியவர். என்னைவிட அவருக்குப் பாதை தெரியும்.

அன்று ஏழடிப்பட்டத்தில் ஏறிச் சமணர் படுக்கைகளையும் தமிழ்ப் பிராமி எழுத்தையும் பார்த்தோம். பிறகு அறிவர் கோயில். மேலே நிமிர்ந்து பார்த்தால் தாமரைக் குளம்: மீன்கள், பறவைகள், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். "வர்ற வழியில பார்த்த கண்மாய் மாதிரியே இருக்கு டீச்சர்" என்றாள் அந்தப் பெண். ஓவியத்தைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த குறிப்புகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

அந்தக் கோயிலில், ஒன்பதாம் நூற்றாண்டில் அதைப் புதுப்பித்தவரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: மதுரை ஆசிரியன் இளங்கௌதமன். ஆசிரியன் என்ற சொல்லை அங்கே கேட்டபோது பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது அந்த வீட்டில் காலையில் சைக்கிள் பாலுக்குப் போகிறது. எட்டரை மணிக்கு மேல் பள்ளிக்கு வருகிறது. முழுத் தீர்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் ஓட்டி வருகிறாள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை ஊர்க் கண்மாய்வரை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள், அதுவே போதும். உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்கள் உங்கள் பள்ளியைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தனியாக ஓட்டிப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே சரளை கிடக்கிறது, எங்கே நிழல் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் பிரேக்கைப் பாருங்கள்.