எழுத்து இடறும் பிள்ளைகள்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடைகளில் தேர்ச்சி பெற்றோரின் கணக்கைப் படிப்பது மரபு. நம் மாலைப் பள்ளியில் படித்து ஆசிரியரானவர், செவிலியரானவர், பொறியாளரானவர் என்று எனக்கு முன் பேசியவர்கள் பெருமையோடு எடுத்துரைத்தார்கள். கேட்க நெஞ்சு நிறைந்தது. நானோ இப்பட்டியலில் இடம்பெறாதவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் நம்மிடமிருந்து நழுவிப்போன பிள்ளைகளைப் பற்றி. அவர்களுள் ஒருவர் என் சொந்தத் தம்பி.

என்னைவிட மூன்று வயது இளையவர். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியரிடம், ஒரே சிம்னி விளக்கின் கீழ் படித்தவர்கள். எனக்கு எழுத்து வந்தது, தம்பிக்கு வரவில்லை. இரவெல்லாம் தெருக்கூத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் கட்டியங்காரன் வசனம் முழுவதையும் அடி பிசகாமல் சொல்லிக் காட்டுவார். ஆடு விற்ற கணக்கை வாயாலேயே போட்டு முடிப்பார். ஆனால் பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தால் 'மரம்' என்பதை 'மடம்' என்பார். அடுத்த வரியில் அதே சொல்லை 'மறந்து' என்பார். “எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஓடுதண்ணா” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். நான் சிரித்தேன். ஆசிரியர் சிரிக்கவில்லை, பிரம்பை எடுத்தார். 'உங்கள் தெருவுக்கு எதற்கு எழுத்து?' என்றும் கேட்டார். அந்தக் கேள்வி என் காதில் இன்னும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு தம்பி பள்ளியை விட்டார். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர், பத்தே ஆண்டுகளில் அளவுநாடா வைக்காமலே மரச் சட்டத்தின் வளைவைக் கண்ணால் கண்டு சொல்லும் மேஸ்திரி ஆனார். ஐந்தாண்டு பள்ளிக்குப் போனவர், கூலி வாங்கும் பதிவேட்டில் கைநாட்டு வைத்தார்.

நானும் ஆசிரியரானேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினேன். அவ்வளவு காலத்திலும் தம்பிக்கு என்ன நேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அதைவிட வெட்கக்கேடானது ஒன்றுண்டு. அவரைப் போன்ற பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். நானும் அவர்களைச் 'சோம்பேறி' என்றேன்.

அதற்கு ஒரு பெயர் உண்டு. டிஸ்லெக்சியா. கற்றல் குறைபாடுகளுள் வாசிப்பைப் பற்றியது இது. 1880களிலேயே ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ப் பெர்லின் என்பவர் இச்சொல்லைப் படைத்துவிட்டார். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுச் சிறுவனைப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். தன் பெயரைக்கூட எழுத்து முன்பின்னாக எழுதிய பையன் அவன். மூவிலக்க எண்ணை மூவிலக்க எண்ணால் பெருக்கும் கணக்கை மட்டும் விரைவாகவும் சரியாகவும் போட்டான். பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் சூட்டிகையானவன் என்பது அவனுடைய ஆசிரியரின் மதிப்பீடு. என் தம்பி பிறப்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே அச்சேறிய செய்தி இது! கடல் கடந்து எங்கள் திண்ணைப் பக்கம் வந்து சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

இது கண்ணின் கோளாறு அன்று. அறிவின் குறைவும் அன்று. எழுத்து ஆடுவதாகத் திரைப்படத்தில் காட்டுகிறார்கள். 2007இல் வந்த 'தாரே ஜமீன் பர்' என்னும் இந்திப் படம் இச்சொல்லை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆயினும் ஆய்வாளர்கள் சொல்லும் செய்தி வேறு. பேசும் சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் அதற்குரிய வடிவத்தோடு விரைந்து பொருத்தும் வேலை மூளைக்கு உண்டு. அந்த வேலை சிலருக்கு எளிதில் கைகூடுவதில்லை. பிறவியிலேயே அமைவது, குடும்பவழி வருவது. மாத்திரையால் மாறாது, மூளை வளர்ச்சி டானிக்கால் விற்பவன் பைதான் வளரும். நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இவ்விடர் உடையவர்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எல்லைக்கோட்டை எங்கே இழுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும், நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இருவர் இருப்பார்கள்.

நம் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைக் காட்டிலும் நேர்மையானது. ஆங்கிலத்தில் 'சி' என்னும் எழுத்து ஓரிடத்தில் ககரமாகவும், மற்றோரிடத்தில் சகரமாகவும் ஒலிக்கும். தமிழில் அத்தகைய குழப்பம் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. 'கெ' என்று எழுதும்போது பின்னால் ஒலிக்கும் எகரத்தின் குறி முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதிலோ குறி இருபுறமும் சூழ்கிறது. கால் என்னும் குறியும் ரகரமும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல. கு, சு, து, மு என்று உகரம் ஒவ்வோர் எழுத்திலும் ஒவ்வொரு வேடம் போடும். லகர ளகர ழகரமும், னகர ணகர நகரமும் நன்கு படித்தவரையே இடறவைப்பவை. ஈரோட்டிலிருந்து எழுந்த பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்று ணை, லை, றா, னா முதலியவற்றை ஒரே ஒழுங்கிற்குக் கொண்டுவந்தது. பழைய வடிவங்களோடு போராடிய என் தம்பிக்கு அது பத்தாண்டு தாமதம். தமிழில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை, பிழையாகப் படிப்பதைக் காட்டிலும் மிக மெதுவாகப் படிப்பதாலேயே பெரும்பாலும் வெளிப்படும். எழுத்துக் கூட்டிச் சரியாகவே படித்துவிடும்; ஆனால் வரியின் முடிவுக்கு வருமுன் தொடக்கம் மறந்துபோகும்.

இதை அறிவது எப்படி என்று தாய்மார்கள் கேட்கிறீர்கள். பள்ளிக்குப் போகுமுன்பே சில குறிப்புகள் தென்படலாம். பேச்சு சற்றுத் தாமதமாக வரும். 'தக்காளி' 'கத்தாளி' ஆகும். கிழமைகளின் பெயரை வரிசையாகச் சொல்ல வராது. முதல் வகுப்பில் நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாகத் தோன்றும். மூன்றாம் வகுப்புக்கு வந்தபின் அடையாளங்கள் நன்கு தெளியும். முதல் எழுத்தைப் பார்த்து மற்றதை ஊகித்துச் சொல்லும். ஒரே பக்கத்தில் ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதும். கரும்பலகையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்துகொண்டிருக்கும்போதே பலகை அழிக்கப்பட்டுவிடும். வாயால் கேட்டால் விடை வரும். தாளில் வெற்றிடம் இருக்கும். வாய்ப்பாடு மனத்தில் தங்காது. தேர்வு நாளன்று வயிறு வலிக்கும். அந்த வலி நடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். வகுப்பில் கோமாளித்தனம் செய்யும் பிள்ளையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். வாய்விட்டுப் படிக்கச் சொல்லும் நேரத்தில்தான் அவன் குறும்பு செய்கிறானா?

ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. ஏழு வயதுவரை எழுத்தைத் திருப்பி எழுதுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள்.

இங்கே நம் மக்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்றைச் சொல்ல வேண்டும். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு போய், ஆண்டில் பாதி நாள் பள்ளியைக் காணாத பிள்ளைக்கு எழுத்து வராது. அது டிஸ்லெக்சியா அன்று. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ் வகுப்பில் வந்து அமரும் குடும்பங்கள் சேலம், நாமக்கல் பகுதிகளில் நம்மிடையே பல உண்டு. அப்பிள்ளையின் தயக்கமும் அது அன்று. அப்படியானால் பிரித்தறிவது எவ்வாறு? மூன்று நான்கு மாதம் நாள்தோறும் ஒழுங்காக, ஒலி ஒலியாகச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். கற்பிப்பு கிடைக்காமல் பின்தங்கிய பிள்ளை எட்டிப் பிடித்துவிடும். அப்படியும் எட்டாத பிள்ளைக்கே சோதனை வேண்டும். நம் மாலைப் பள்ளி இதற்கு மிகவும் ஏற்ற இடம். ஆனால் ஊராரும் ஆசிரியரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்வதே இல்லை. இரண்டுக்கும் மூன்றாவது விளக்கம் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு எழுத்து வரவில்லையென்றால், 'அந்தச் சாதிக்கு அவ்வளவுதான்' என்பார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எழுத்து வரவில்லையென்றால் மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். 1990களின் தொடக்கத்திலேயே சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தோன்றிப் பயிற்சிப் பள்ளியும் ஆசிரியர் பயிற்சியும் நடத்தத் தொடங்கியது. நல்ல தொண்டு. ஆனால் தியாகராய நகருக்கும் நம் தெருவுக்கும் இடையே இருந்த தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க முடியாது.

சட்டம் இப்போது நம் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் அவற்றுள் ஒன்று. அதன் 16ஆம் பிரிவு, இக்குறைபாட்டைப் பிள்ளைகளிடம் இயன்றவரை விரைவில் கண்டறிந்து, தக்க கற்பிக்கும் முறைகளை மேற்கொள்வது கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது. பள்ளி செய்யும் தயவு அன்று அது, கடமை. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாதவர்க்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும், அரசுப் பணிகளில் 4 விழுக்காடும் உள்ள மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் உரிமை உண்டு. நம் மாநிலப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகள் உள்ளன. 40 விழுக்காடு இல்லாதவர்க்கும் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொடங்க வேண்டிய இடம் வட்டார வள மையம். அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வழியாக மாவட்ட அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம்.

சான்றிதழ் என்றவுடன் நம்மவர் முகம் மாறுகிறது. “ஏற்கெனவே ஒரு சான்றிதழைச் சுமக்கிறோம், ஐயா. இன்னொன்றும் வேண்டுமா?” என்று ஒரு தாய் என்னைக் கேட்டார். பெண்பிள்ளை என்றால் திருமணத்திற்குத் தடையாகுமே என்ற அச்சமும் உண்டு. அந்தக் கேள்வியை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் சான்றிதழ் இல்லாவிட்டால் பெயரே இல்லாமல் போய்விடும் என்று நினைக்காதீர்கள். 'மக்கு' என்ற பெயரை ஊர் முன்பே எழுதி ஒட்டிவிட்டது. அதைக் கிழிக்க வேறொரு தாள் வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

தம்பியின் பெயர்த்தி 2019இல் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். அவள் புத்தகம் படிப்பதை ஒருநாள் கேட்டேன். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சிம்னி விளக்கடியில் கேட்ட அதே தடுமாற்றம்! இம்முறை நான் சிரிக்கவில்லை. அவளை வட்டார வள மையத்திற்கு அழைத்துப் போனோம். அங்கிருந்த பயிற்றுநர் அம்மையார் கற்பித்த முறை எனக்கே புதிது. தட்டில் மணலைப் பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்தை வரைய வேண்டும். கண், காது, கை மூன்றும் ஒருசேர வேலை செய்யும். சொல்லைக் கைதட்டிப் பிரிக்க வேண்டும்: கு-ரு-வி, மூன்று தட்டு. ஒருநாளைக்கு இருபது நிமிடம் போதும். ஆனால் ஒருநாளும் விடக் கூடாது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பயிற்சி நின்றுவிடுமோ என்று கலங்கினோம். பட்டறையும் மூடிக்கிடந்ததால் தம்பியே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு பெயர்த்தியோடு அமர்ந்தார். அவளுக்குத் துணையாகத்தான் அமர்ந்தார் என்று நினைத்தோம். ஆறு மாதம் கழித்து ஒரு மாலையில், கூண்டு கட்டி முடித்த லாரியின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைத் தாமே கூட்டிப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இது ராசிபுரந்தானேண்ணா?” என்றார். ராசிபுரந்தான்.

பெயர்த்தி இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறாள். அது மறைந்துவிடாது, அவள் அதோடு வாழக் கற்றிருக்கிறாள். கைப்பேசி தமிழ்ப் பாடத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறது. அவள் விரலால் வரியைத் தொடர்கிறாள். தோழிகளோடு படிக்கும்போது ஒருத்தி வாசிக்க, இவள் விளக்கம் சொல்கிறாள். விளக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. வகுப்பில் முன்னறிவிப்பின்றி வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இளைஞர்களே, உங்களுள் சிலர் இப்பேச்சைக் கேட்கும்போது உங்களையே நினைத்திருப்பீர்கள். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ தமக்கும் இலேசான டிஸ்லெக்சியா இருந்ததை முதுமையில்தான் அறிந்து வெளியில் சொன்னார். வங்கிப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டதாகச் சொல்பவர்கள் நம்முள் எத்தனை பேர்! என் தம்பி நாற்பது ஆண்டுகள் அப்படிச் சொன்னார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

இக்கழகத்திடம் நான் கேட்பது ஒன்றே. மாலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் ஆண்டுக்கு இருமுறை தனியே அமர்த்தி ஒரு பத்தி படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடறும் பிள்ளையின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டார வள மையத்திற்கு நான் அழைத்துப் போகிறேன். மணல் தட்டுகளைத் தம்பி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் அவரிடம் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள்.