படகுக் கம்பியில் வெள்ளைக் கறை



குஜராத் மாநிலத்தில் வேராவல் என்று ஓர் ஊர். பெரிய மீன்பிடித் துறைமுகம். சோமநாதர் கோயில் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே கார்வா மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிறார்கள். படகின் தலைவருக்கு அங்கே தண்டேல் என்று பெயர். தமிழ்க் கடற்கரையிலும் தோணித் தலைவரைத் தண்டல் என்பார்கள். ஊர் எவ்வளவோ தூரம். சொல் ஏறக்குறைய ஒன்றுதான்!

மழைக்காலத்தில் அங்கே படகுகளைக் கரையேற்றுவார்கள். கழுவுவது, பழுது பார்ப்பது, வர்ணம் பூசுவது எல்லாம் அப்போதுதான். படகில் திருகாணி, கொக்கி, சமையல் பாத்திரம் என எவர்சில்வர் சாமான்கள் இருக்கும். சில படகுகளில் கைப்பிடிக் கம்பியும் எவர்சில்வர்தான். கடல் உப்புப் போகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். நல்ல பழக்கம். ஆனால் காய்ந்ததும் பார்த்தால் கம்பி முழுவதும் வெள்ளைப் புள்ளிகள்! சோப்புப் போட்டாலும் போகாது.

இது எங்கிருந்து வந்தது? அந்தக் கடற்கரையில் சுண்ணாம்புக் கல் அதிகம். போர்பந்தர் கல் என்று வீடு கட்டுவார்களே, அதுவும் சுண்ணாம்புக் கல்தான். மழைநீர் அந்தக் கல் வழியாக இறங்கும். இறங்கும்போது சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டு போகும். இதுதான் கடின நீர். இதில் சோப்பு நுரைக்காது. பருப்பு சீக்கிரம் வேகாது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும். சுண்ணாம்பு மட்டும் கம்பியில் தங்கிவிடும். வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதும் இதுவேதான்.

சுண்ணாம்புக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சம்பழச் சாறு போதும். புளிக் கரைசலும் போதும். வினிகர் என்றால், அதே அளவு தண்ணீர் கலக்க வேண்டும். துணியை அதில் நனைத்துக் கறையின்மேல் சுற்றி வைக்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்தால் கறை இளகும். பிறகு தேங்காய் நாரால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். புளிப்பைக் கம்பியில் விட்டுவைக்கக் கூடாது. கறை தடிப்பாக இருந்தால் மறுபடி ஒருமுறை செய்யலாம். அவசரம் வேண்டாம்.

அவசரப்படுகிறவர்கள் கழிவறை ஆசிட்டை ஊற்றுகிறார்கள். கறை ஒரு நொடியில் போகும். கூடவே கம்பியும் கெடும். எவர்சில்வர் என்பது குரோமியம் சேர்த்த இரும்பு. நூறு பங்கில் பத்தரைப் பங்காவது குரோமியம் இருக்கும். காற்றுப் பட்டதும் அது கம்பியின்மேல் மெல்லிய தோல்போல மூடிக் காக்கிறது. ஆசிட் அந்தத் தோலை அரித்துவிடும். இரும்புக் கம்பி நாரும் ஆகாது. அதன் துகள் ஒட்டிக்கொண்டு துருப் பிடிக்கும்.

இன்னொன்று உயிருக்கே ஆபத்து. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் சேர்ந்தால் விஷ வாயு வரும். வினிகர் சேர்ந்தாலும் வரும். படகின் உள்ளறையில் காற்றோட்டம் குறைவு. அங்கே மூச்சுத் திணறினால் ஓடிவரவும் வழி குறுகல்.

வெள்ளைக் கறை அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. அதன் அடியில் கடல் உப்பும் ஈரமும் ஒளிந்துகொள்ளும். அங்கே ஊசிமுனை போலக் குழி விழும். கறை போனதும் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். திருகாணியைச் சுற்றியும், வெல்டு வைத்த இடத்திலும் நன்றாகப் பார்க்க வேண்டும். பழுப்பு நிறம் திரும்பத் திரும்ப வந்தால், நகம் குழியில் மாட்டினால், அந்தத் துண்டை மாற்றிவிட வேண்டும். மேலே பளபளப்பாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. அலையில் படகு சாயும்போது வலை இழுப்பவர் அந்தக் கம்பியைத்தான் பிடிப்பார்.

கறை மறுபடி வராமல் இருக்க வழி மிகச் சுலபம். கழுவிய தண்ணீர் காயும் முன்பே துடைத்துவிட வேண்டும். அதற்கென்று ஒரு பழைய வேட்டித் துணி படகிலேயே கிடக்கட்டும்.