முகப்பில் இல்லாத பெயர்கள்



வேதத்தைத் தமிழில் சொல்ல வந்த பாதிரிமார்கள் சொல்லுக்காக அலைந்தார்கள். தரங்கம்பாடியில் சீகன்பால்க் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சேற்றினார். வேப்பேரியில் பப்ரிசியஸ் 1779இல் தமிழ் – ஆங்கில அகராதி போட்டார். யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் பாதிரியார் சேர்க்கத் தொடங்கிய சொற்கள், அவர் மறைவுக்குப் பிறகும் கைமாறி வளர்ந்து, 1862இல் சென்னையில் வின்சுலோ பாதிரியாரின் அகராதியாக வந்தன. 67,000க்கு மேற்பட்ட சொற்கள்! பிரசங்க மேடைக்காகத் தொடங்கிய வேலை செந்தமிழ், கொடுந்தமிழ் இரண்டையும் அள்ளிக்கொண்டது.

அந்த உழைப்பை நான் வணங்குகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சொல் கொடுத்தவர் யார்? அந்த அகராதியின் முகப்பில் வின்சுலோ பெயர் இருக்கிறது, நைட் பெயரும் இருக்கிறது. தமிழறிஞர்களுக்கோ ‘உதவியோடு’ என்று ஒரு வரிதான். அதில் பெயர் கிடையாது.

யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத்துக்குத் தமிழ் பார்த்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். திருநீறு பூசிய சைவர்! பவர் பாதிரியாரின் விவிலியத் திருத்தப் பதிப்பில் உழைத்தவர் முத்தையா பிள்ளை. எத்தனை பேருக்கு இது தெரியும்?

நம் பக்கத்துக்கே வருவோம். அமெரிக்கன் மதுரை மிஷன் சாண்ட்லர் பாதிரியார் 1913இல் தமிழ்ப் பேரகராதிப் பணியை ஏற்றார். கூடவே உழைத்த தலைமைப் பண்டிதர் நம் இராமநாதபுரம் சேதுச் சீமையில் வளர்ந்த மு. இராகவையங்கார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் வெளிவந்தன.

பிறகு நம் கரிசலுக்கென்று ஒரு வட்டார அகராதியைக் கி. ராஜநாராயணன் 1982இல் கொண்டுவந்தார். அவர் எழுதி முடித்துவிட்டார் என்று நாம் சும்மா இருக்கலாமா? மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்த கமலை போய் மோட்டார் வந்து எத்தனை வருஷமாச்சு! கமலை இறைத்தவர்கள் போகும்போது, வடம் முதல் வால் வரை அதன் உறுப்புகளின் பெயர்களும் போய்விடும்.

பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். மானாவாரி உழவு, கண்மாய்க் கலிங்கு, மடை, ஆட்டுக்கிடை பற்றித் தாத்தா பாட்டி சொல்லும் சொற்களை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதைச் சொன்னவர் பெயரையும் ஊரையும் கட்டாயம் எழுதுங்கள். பாதிரிமார்களிடம் உழைப்பைக் கற்றுக்கொள்வோம். அவர்கள் முகப்பில் விட்ட குறையை நாம் விடவேண்டாம்.